சுரண்டு கட்டை: பழைய நிலைக்கதவுகளைக் காக்கும் ஒரு சிறு கருவி

கிராமத்து வீடு எத்துணை எளியதாயினும் அதன் வாயில் நிலை சற்றேனும் சிறப்புற அமைந்திருத்தல் நம் நாட்டு வழக்கம். சுவர் மண்ணாயிருக்கலாம், கூரை நாட்டு ஓடாயிருக்கலாம். ஆயினும் நிலையும் கதவும் வைரம் பாய்ந்த மரத்தால் செய்யப்பெற்று, அவற்றின் ஓரங்களில் இரண்டொரு வரிகளாவது இழைக்கப்பட்டிருக்கும். இவ்வரிகளைப் புதுப்பிக்கவும் புதிதாய் இழைக்கவும் உதவும் மிக எளிய கருவி ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அக்கருவியைத் தச்சர் எவரும் தம் பட்டறையிலேயே ஒரு பகற்பொழுதில் செய்துகொள்ளலாம். அதற்கு வேண்டும் பொருள் ஒரு பழைய ரம்பத் துண்டும், இரண்டு சிறு மரத் துண்டுகளும், மூன்று திருகாணிகளுமே.

தொழிலின் இன்றைய நிலை

சென்னையினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதையிலும் பெருவழியிலும் செங்கற்பட்டுக்கு முன்பாக உள்ளது சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் ஆலயம் மலையைக் குடைந்தெடுத்த கருவறையை உடையது. கருவறை மலையோடு ஒன்றியிருப்பதால், பெருமானை வலம் வர விரும்புவோர் மலையையே வலம் வருகின்றனர். இவ்வூரின் இருபுறத்தும் சென்ற சில பத்தாண்டுகளில் பெரும் மாறுதல் நிகழ்ந்துள்ளது. வடக்கே மறைமலைநகரும், தெற்கே பரனூரை அடுத்த மகேந்திரா நகரமும், மேற்கே ஒரகடமும் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்களாயின. வயல்களிருந்த பல இடங்களில் இப்போது அடுக்கு மாடி வீடுகள் காணப்படுகின்றன.

வீடுகள் பெருகினால் தச்சருக்கு வேலையும் பெருகுமென்று எண்ணுவது இயல்பு. ஆனால் புதிய வீடுகளுக்கு வேண்டிய கதவுகள் யந்திரசாலையில் ஒரே அளவாக அறுத்து, அழுத்தி, வர்ணம் பூசப்பட்டு வந்து சேருகின்றன. ஓரங்களில் ஒட்டும் வரிச்சட்டங்களும் கடையிலே அடி கணக்கில் விற்கப்படுகின்றன. தச்சர் செய்யவேண்டியது கீல் பொருத்துவதும் தாழ்ப்பாள் அடிப்பதுமே. கைத்திறனுக்குரிய கூலி குறைந்து, நாட்கூலி ஒன்றே மிஞ்சுகிறது.

மற்றொரு புறம், இவ்வட்டாரத்துக் கிராமங்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் நிலைகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு வருகின்றன. அவை முழுதும் கெட்டுப்போனமையால் கழிக்கப்படுவன அல்ல. பெரும்பாலும் நிலைக்காலின் அடிப்புறம் ஓரடி உயரத்திற்கு ஈரத்தாலும் கரையானாலும் உளுத்திருக்கும். அதற்குமேல் ஐந்தாறு அடி மரம் இரும்பு போலிருக்கும். உளுத்த அடியை நீக்கிப் புதுத் துண்டு ஒட்டலாமெனின், “பழைய வரி புதுத் துண்டில் வராதே, பார்வைக்கு விகாரமாயிருக்குமே” என்ற தடை எழுகிறது. கடையில் விற்கும் வரிச்சட்டம் பழைய வரியோடு பொருந்துவதில்லை. யந்திரசாலையோ ஓரடித் துண்டுக்காகத் தனியே வெட்டுவாய் செய்து தர முன்வருவதில்லை. ஆகவே நல்ல தேக்கு நிலை பழைய மர வியாபாரிக்குப் போகிறது. வீட்டார் பொருளை இழக்கின்றனர்; உள்ளூர்த் தச்சர் வேலையை இழக்கின்றனர். இவ்விரு இழப்பையும் தடுக்கவல்லது மேற்கூறிய கருவி.

வரி அலங்காரம் மாத்திரமன்று

மரத்தின் ஓரத்தில் இழைக்கப்படும் வரிகளை வீண் அலங்காரமென்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. அவற்றால் மூன்று பயன்கள் உள.

முதலாவது, கூர்மையான மூலை எளிதில் சிராய் கிளம்பிச் சிதையும். உருட்டிய ஓரம் அடியையும் உராய்வையும் தாங்கும். ஆள் நடமாட்டமும் சாமான் போக்குவரத்தும் மிகுந்த வாயில் நிலைக்கு இது இன்றியமையாதது.

இரண்டாவது, மரம் காலத்துக்குத் தக்கபடி விரியவும் சுருங்கவும் செய்யும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையீரத்தில் உப்பும் பலகை, சித்திரை, வைகாசி வெயிலில் வற்றிச் சுருங்கும். அப்போது சட்டமும் பலகையும் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி தோன்றும். அவ்விடத்தில் உருண்டை வரியொன்றும் அதனை ஒட்டிப் பள்ளமொன்றும் இருந்தால், இடைவெளி பள்ளத்தின் நிழலோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாது. பழந்தச்சர் பலகை இணைப்புகளின் ஓரமாகவே வரி இழைத்ததன் காரணம் இதுவே.

மூன்றாவது, வெயில் படும் முகப்பில் வரிகள் ஒளியும் நிழலுமாகத் தோன்றித் தடித்த மரத்தையும் இலேசாகக் காட்டுகின்றன. சிற்ப நூல்கள் இவற்றுக்குப் பெயர்களும் வகுத்துள்ளன. அரைவட்டமாகப் புடைத்து நிற்பது குமுதம். தட்டையான பட்டை பட்டிகை. உள்வாங்கிய பள்ளம் கண்டம். தாமரையிதழ் போல் வளைந்து மாறுவது பத்மம். கூரை விளிம்பு போல் வளைந்து இறங்குவது கபோதம். கோயில் அதிஷ்டானத்தின் கல்வரிசைகளிலும் தேர்ப் பீடத்தின் மரவரிசைகளிலும் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் காணலாம். வீட்டு நிலையில் உள்ளவை அவற்றின் சிறு உருவங்களே.

இவ்வடிவங்கள் கல்லுக்கு மரத்திலிருந்து வந்தவை என்பது அறிஞர் கொள்கை. விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் சாசனம், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதென்று கூறுகின்றது. அதற்கு முன்பு கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பது இதனால் விளங்கும். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களிலும் திரௌபதி ரதம் ஓலைக்குடிசையின் உருவம். பீம ரதத்தின் மேற்கூரை மரச் சட்டங்களால் வளைத்த வண்டிக்கூரையின் உருவம். எனவே வரி இழைக்கும் தச்சர், சிற்பியரும் பின்பற்றிய பழந்தொழிலையே செய்கின்றார் என்பதில் ஐயமில்லை.

கருவியின் தத்துவம்

இழைப்புளியின் வாய் மரத்தைச் சாய்வாகச் சீவுகிறது. சுரண்டும் தகடோ மரத்தின்மேல் செங்குத்தாக நின்று, அதன் மேற்பரப்பை மெல்ல மெல்ல வழித்தெடுக்கிறது. மேசை, கட்டில் முதலியவற்றை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழுவழுப்பாக்கும் வழக்கத்தை நம் தச்சர் நன்கறிவர். சுரண்டு கட்டை அவ்வேலையையே ஓர் ஒழுங்குக்கு உட்படுத்துவது. வேண்டிய வரியின் எதிர் வடிவம் தகட்டின் விளிம்பில் அராவப்பட்டிருக்கும். தகடு ஒரு கட்டையில் இறுக்கப்பட்டிருக்கும். கட்டை மரத்தின் ஓரத்தை அணைத்துச் செல்வதால் தகடு வழி விலகாது.

மேனாட்டுத் தச்சர் இதனை ஸ்கிராட்ச் ஸ்டாக் என்பர். 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனியார் இதையே இரும்பினால் செய்து, மாற்று வாய்கள் பலவற்றோடு விற்கத் தொடங்கினர். இரும்பாயினும் மரமாயினும் வேலை ஒன்றே. தமிழில் இதனைச் சுரண்டு கட்டை என்று வழங்குவதே பொருத்தம்.

வரி இழைக்கும் இழைப்புளியோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அவ்விழைப்புளி ஒன்று ஒரு வடிவத்தை மாத்திரமே இழைக்கும். பத்து வடிவங்களுக்குப் பத்து இழைப்புளிகள் வேண்டும். சுரண்டு கட்டைக்கோ கட்டை ஒன்று போதும். வடிவத்துக்கொரு சிறு தகடு அராவிக்கொண்டால் வேலை முடிந்தது.

கட்டை செய்யும் முறை

வேங்கை, கருவேல் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், அரை அங்குலக் கனமுள்ள இரண்டு துண்டுகளை இழைத்துக்கொள்க. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பிடித்து, ஒரு மூலையில் நான்கு அங்குல நீளமும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள பகுதியை அறுத்து நீக்குக. எஞ்சியது ‘ட’ என்னும் எழுத்தைக் குப்புறக் கவிழ்த்தாற் போன்ற வடிவினதாகும். மேலே படுத்திருக்கும் பாகத்தை மேற்கை என்றும், கீழே தொங்கும் பாகத்தை அணைகால் என்றும் கொள்வோம். மேற்கை மரத்தின்மேல் படியும். அணைகால் மரத்தின் பக்கத்தை அணைத்து நிற்கும்.

இவ்விரண்டும் சேரும் உள்மூலை மூலைமட்டத்துக்குச் சரியாயிருத்தல் அவசியம். அது பிசகினால் வரியும் சாய்ந்துவிடும். மரத்தில் உராயும் பரப்புகளை நன்கு மழமழப்பாக்கிச் சிறிது மெழுகு தடவுக.

இரண்டு துண்டுகளுக்கும் நடுவே தகட்டை வைத்து, அணைகாலில் ஒன்றும் மேற்கையில் தகட்டின் இருபுறத்தும் ஒவ்வொன்றுமாக மூன்று திருகாணிகளால் இறுக்குக. அவ்வாறு இறுக்கும்போது தகடில்லாத முனையில் துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கிக் கோணலாகும். அதே ரம்பத் தகட்டின் வேறொரு துணுக்கை அம்முனையில் வைத்தால் இக்குறை நேராது.

வளைவான மரத்தில் வரி இழைக்க வேண்டுமாயின், அணைகாலின் உராயும் முகத்தைச் சற்றே உருட்டி வைத்த மற்றொரு கட்டை செய்துகொள்க. நாற்காலிக் கை, ஊஞ்சல் பலகையின் மூலை, வாயில் வளைவு, திருவாசி முதலியவற்றின் வளைந்த ஓரங்களில் நேர் இழைப்புளி செல்லாது. இக்கட்டை வளைவோடு வளைந்து செல்லும்.

தகடு செய்யும் முறை

பழைய கைரம்பத்தின் தகடே இதற்குச் சாலச் சிறந்தது. அதன் எஃகு விளிம்பு நிற்குமளவு உறுதியானது. அரத்துக்கு இணங்குமளவு மென்மையானது. ஒரு தேய்ந்த ரம்பத்திலிருந்து இருபது முப்பது தகடுகள் கிடைக்கும். இரண்டு அங்குல நீளமும் முக்கால் அங்குல அகலமும் போதும். கூரிய முனையால் கோடு ஆழக் கீறி, கோட்டின் ஓரமாக வைஸில் இறுக்கி, சுத்தியலால் தட்டி வளைத்தால் துண்டு ஒடியும். ஒடிக்கும்போது எஃகுச் சில் கண்ணில் தெறிக்கக்கூடுமாதலின், கண்ணாடி அணிந்தே இதனைச் செய்தல் வேண்டும்.

இரும்பறுக்கும் ரம்பத் தகடுகளுட் சில முழுதும் கடினமாக்கப்பட்டவை. அவற்றில் அரம் வழுக்கும். அத்தகைய தகட்டைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலிற் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரத்துக்கு இணங்கும். ஆனால் அதன் கூர்மை சற்று விரைவில் மழுங்கும்.

வேண்டிய வடிவத்தைத் தகட்டின்மேல் மெல்லிய கோடாக வரைந்து, அரத்தால் அக்கோடு வரை அராவுக. குமுதத்துக்கு வட்ட அரம். அதை ஒட்டிய பள்ளத்துக்கு முக்கோண அரத்தின் முனை. பட்டிகைக்குத் தட்டை அரம். இங்கே முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரத்தில் புடைத்து நிற்பது தகட்டில் குழிந்திருக்கும். மரத்தில் குழிந்திருப்பது தகட்டில் நீண்டிருக்கும். இந்த மாற்றத்தை மறந்து முதல் தகட்டை வீணாக்குவோர் பலர்.

உளியைப்போல் ஒருபுறம் சாய்வாக அராவுதல் கூடாது. அரம் தகட்டுக்கு நேர் குறுக்காகச் செல்ல வேண்டும். அப்போது விளிம்பின் இருபுறமும் கூராயிருக்கும்; கருவியைத் தள்ளினாலும் இழுத்தாலும் அது வேலை செய்யும். அராவிய பின்னர்த் தகட்டின் இரு முகங்களையும் எண்ணெய்க்கல்லில் படுக்க வைத்துத் தேய்த்துப் பிசிறு நீக்குக. மழுங்கியபோது இவ்வாறே மீண்டும் அராவித் தேய்த்தால் போதும்.

தகடு கட்டைக்கு வெளியே வரியின் ஆழத்துக்கு மேல் நீண்டிருத்தல் ஆகாது. அதிகமாய் நீண்டால் அதிர்ந்து, மரத்தில் அலையலையான தழும்புகளை உண்டாக்கும்.

பழைய வரியைப் படியெடுத்தல்

புதிதாய்ச் செய்யும் கதவுக்குத் தச்சர் தம் விருப்பம்போல் வடிவம் அமைக்கலாம். பழைய நிலையைச் செப்பனிடுவதாயின் அதன் வரியை மயிரிழை பிசகாமல் படியெடுத்தல் வேண்டும்.

பழைய நிலையில் பல தலைமுறை வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வரியின் பள்ளங்களைத் தூர்த்திருக்கும். அவற்றை நீக்கிய பின்னரே உண்மை வடிவம் தெரியும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தூள் மூச்சோடு செல்வது பெரியோருக்கே தீது. குழந்தைகளுக்கு மிகவும் கேடு. ஆகையால் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஈரப்படுத்தி வழித்தெடுத்து, வழித்ததைக் காகிதத்தில் சேர்த்து அப்புறப்படுத்துக. அவ்வேளையில் குழந்தைகளை அருகில் விடலாகாது.

சுத்தம் செய்த இடத்தில் பிசைந்த களிமண்ணையோ இளக்கிய மெழுகையோ அழுத்தி எடுத்தால் வரியின் எதிர் வடிவம் கிடைக்கும். அதைக் கத்தியால் குறுக்கே நேராக அறுத்து, அறுத்த முகத்தைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு வரைக. அறுப்பு சாய்ந்தால் வடிவம் நீண்டு தோன்றும். வரி நன்றாயுள்ள இடத்திலேயே அச்செடுக்க வேண்டும். கை பட்டுத் தேய்ந்த இடம் உதவாது. நிலையின் மேற்பகுதியே பெரும்பாலும் இதற்கு ஏற்றது.

வரி இழைக்கும் முறை

முதலில் மரத்தை நேராகவும் மட்டமாகவும் இழைத்துப் பட்டறைப் பலகையில் அசையாமல் இறுக்குக. மரம் கோணலாயிருந்தால் வரியும் கோணலாகவே வரும்; சுரண்டு கட்டை மரத்தின் ஓரத்தைத் தொடர்ந்து செல்லுமேயன்றி அதனைத் திருத்தாது.

கட்டையை இரு கைகளாலும் பிடித்து, அணைகாலை மரத்தின் பக்கத்தோடு நன்றாக ஒட்டி அழுத்துக. கீழ்நோக்கி அழுத்துவது இரண்டாம் பட்சம். முதல் நான்கைந்து ஓட்டங்களில் தகடு மரத்தைத் தொட்டும் தொடாமலும் செல்ல வேண்டும். இவ்வோட்டங்களில் கட்டை வழி விலகினால் வரி முழுதும் கெடும். விலகாமல் ஒரு தடம் பதிந்துவிட்டால், பின் தகடு அத்தடத்திலேயே தானாகச் செல்லும். கருவியைச் செல்லும் திசையில் சிறிது சாய்த்துப் பிடித்தால் வேலை எளிதாகும். கடைசி ஓட்டங்களில் நேர்செங்குத்தாகப் பிடித்தல் வேண்டும். இல்லையேல் வரியின் ஆழம் குறைந்து வடிவம் மாறும்.

முதலில் தூளும், பிறகு மெல்லிய சுருள்களும் வெளிப்படும். தூள் மட்டுமே வருமாயின் தகடு மழுங்கியதென்று அறிக. ஓரிடத்தில் நார் எதிர்த்துக் கிளம்பினால், அவ்விடத்தில் மட்டும் எதிர்த்திசையில் சுரண்டுக. மேற்கை மரத்தின்மேல் முழுதும் படிந்தவுடன் தகடு மேலும் இறங்காது. வரி தன் ஆழத்தை அடைந்துவிட்டது. கைப்பிடி மரச்சுருளால் அழுத்தித் தேய்த்தால் வரி பளபளப்பாகும். உப்புத்தாள் போட்டால் கூரிய மூலைகள் மழுங்குமாதலின் அதனைத் தவிர்ப்பது நலம்.

வரி பெரிதாயிருந்தால் எல்லாவற்றையும் சுரண்டியே எடுக்க முயலுதல் வீண் பிரயாசை. வேண்டாத மரத்தை இழைப்புளியாலும் உளியாலும் முதலில் நீக்கி, இறுதி வடிவத்துக்கு மாத்திரம் சுரண்டு கட்டையை உபயோகிப்பதே முறை.

ஏற்ற மரமும் ஏலாத வேலையும்

நெருங்கிய நாருள்ள கடின மரங்கள் இக்கருவிக்கு மிகவும் ஏற்றவை. வேம்பு, வாகை, பலா ஆகியவற்றில் நார் ஒருபடித்தாக ஓடாமல் பின்னிக் கிடக்கும். இழைப்புளி போட்டால் அங்கங்கே பெயர்ந்துவிடும் இம்மரங்களில், சுரண்டும் தகடு பெயர்ப்பின்றிச் செல்லும். தோப்பு மரத்தை அறுத்து வீட்டுச் சாமான் செய்யும் கிராமத்தாருக்கு இது பெரிய அனுகூலம். தேக்கிலும் வரி தெளிவாய் விழும். ஆனால் தேக்கில் மணற்சத்து உள்ளமையால் தகடு சீக்கிரம் மழுங்கும். இலவு போன்ற மெத்தென்ற மரங்களில் நார் நசுங்குமேயன்றிச் சுத்தமாக அறாது.

கருவிக்கு எல்லைகளும் உண்டு. மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் குறுக்கே அறுபட்ட முனையில், இதனால் நல்ல வரி வராது. பொருத்தி முடித்த சட்டத்தின் உள்மூலை வரை தகடு எட்டாது. கடைசி ஓரங்குலத்தைச் சிற்றுளியால் முடிக்க வேண்டும். ஓரங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள வரியைத் தனித்தனித் தகடுகளால் பகுதி பகுதியாக இழைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான அடிகள் ஒரே வடிவில் வேண்டுமென்றால் யந்திரத்தோடு போட்டியிடுதல் அறிவுடைமையன்று. குறைந்த நீளம், பழைய வடிவம், வளைந்த ஓரம் ஆகிய இம்மூன்றுமே சுரண்டு கட்டைக்குரிய களம். இம்மூன்றிலும் யந்திரத்தை ஏற்பாடு செய்வதற்குள் தச்சர் வேலையையே முடித்துவிடலாம்.

நிலைக்காலுக்கு ஒட்டுப் போடுதல்

ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு வாயில் நிலையை உதாரணமாகக் கொள்வோம். இரு கால்களும் மேற்சட்டமுமாக வரியின் நீளம் பதினேழு அடி. இரு கால்களிலும் அடியில் ஓரடி உளுத்திருந்தால் புதிதாய் வேண்டிய வரி இரண்டே அடி. மீதிப் பதினைந்து அடியும் நல்ல நிலையில் உள்ளது. இரண்டடிக் குறைக்காகப் பதினேழடியையும் கழிப்பது எத்துணை நஷ்டம் என்பதை வீட்டாரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உளுத்த பாகத்துக்கு மேல் மரம் உறுதியாயுள்ள இடத்தில் சாய்வாக அறுக்க வேண்டும். சாய்வின் நீளம் மரக்கனத்தைப்போல் மூன்று நான்கு மடங்காவது இருத்தல் நலம். சாய்வு வெளிப்புறம் நோக்கி இறங்கவேண்டும். உட்புறம் நோக்கினால் மழைநீர் ஒட்டில் தங்கி மறுபடியும் உளுக்கும். ஒட்டும் துண்டு அதே இனத்து நன்கு உலர்ந்த மரமாயிருக்க வேண்டும். கழித்த பழைய சாமானிலிருந்து எடுத்த மரம் கிடைத்தால் மிக உத்தமம்.

ஓரடித் துண்டில் வரி இழைப்பதாயின் ஒன்றேகாலடி நீளத் துண்டில் இழைத்து, பிறகு முனைகளை அறுத்து நீக்குக. கருவி தொடங்கும் இடமும் முடியும் இடமும் எப்போதும் சற்றுப் பிசகுமாதலின், அப்பகுதிகள் கழிவிற் போவதே நல்லது. ஒட்டிப் பசை காய்ந்த பின், அதே சுரண்டு கட்டையைப் பழைய மரத்தின் வரியில் பதியவைத்துத் தொடங்கிப் புதுத் துண்டின்மேல் நான்கைந்து முறை ஓட்டுக. பழைய வரி வழிகாட்ட, இரண்டும் ஒரே ஓட்டமாக இணைந்துவிடும். ஆனால் அதற்கு முன் பழைய மரத்தில் ஆணி உண்டா என்று தடவிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆணி தகட்டின் விளிம்பைக் கெடுத்துவிடும்.

துண்டின் அடிமுகத்தில் கரையான் தடுப்புத் தைலம் ஊறவிட்டு, அது மண்ணில் படாமல் கல்லின்மேல் நிற்கும்படி அமைத்தால் ஒட்டு நெடுங்காலம் நிலைக்கும்.

கூட்டாகச் செய்யத் தக்கது

ஒரு தச்சர் தனித்துச் செய்யும் தகடுகள் அவருடைய பெட்டியிலேயே கிடந்து, அவர் காலத்துக்குப் பின் எவற்றுக்கு உரியன என்பது தெரியாமற் போகும். அருகருகே உள்ள கிராமங்களின் தச்சர் ஐந்தாறு பேர் கூடி ஒரு பொதுப் பெட்டி வைத்துக்கொள்வாராயின், அதன் பயன் பன்மடங்காகும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு அட்டையில் கோத்து, அவ்வட்டையில் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டு நிலை, வரியின் அகலம் எத்தனை நூல் என்பவற்றை எழுதி, தகட்டை வைத்து எடுத்த கோட்டுருவத்தையும் பதிக்கலாம். எட்டு நூல் ஓரங்குலம் என்னும் பழங்கணக்கு இதற்கு வசதியானது. சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்து வரிகள் அனைத்தும் அப்பெட்டியில் சேர்ந்துவிடும். யாருக்கு வேலை வந்தாலும் தகடு ஆயத்தமாயிருக்கும். அரம், எண்ணெய்க்கல் முதலியவற்றைக் கூட்டாக வாங்கினால் செலவும் குறையும்.

கூட்டுறவு என்பது பணம் கடன் கொடுப்பதோடு முடிந்துவிடுவதன்று. 1904-ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, சென்னை மாகாணத்தில் அதன்படி முதல் கிராமச் சங்கம் அமைந்தது அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரிலேயாகும். தனித்தனியே நின்றால் கடன்காரரிடம் சிக்கும் குடியானவர்கள், கூடி நின்று தம் நாணயத்தையே மூலதனமாக்கிக்கொள்வது அதன் நோக்கம். தச்சர் தம் கைத்திறனைப் பொதுச் சொத்தாக்கிக் கொள்வதும் அதே நோக்கத்தின்பாற் பட்டதே. கைவினைஞர் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் மானியத்தோடு கடனுதவி தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டில் தொடங்கியது. யந்திரம் வாங்க எண்ணுவோர்க்கு அத்தகைய உதவிகள் பயன்படும். சுரண்டு கட்டைக்கோ கடன் வேண்டுவதில்லை. கடன் வாங்குமுன் செய்து பழகவேண்டிய வேலை இதுவென்று கொள்ளலாம்.

வடிவங்களைக் கண்டு பழக விரும்பும் இளைஞர்க்கு இம்மாவட்டத்திலேயே வாய்ப்புகள் உள. மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்று அரசினர் கல்லூரியாக விளங்கும் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கூடத்தில் மரச்சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொணர்ந்து மறுபடி அமைத்த பழைய வீடுகளின் நிலைகளையும் தூண்களையும் அருகிலிருந்து பார்க்கலாம். பார்க்கச் செல்வோர் காகிதமும் பென்சிலும் உடன்கொண்டு, வரிகளின் வடிவத்தைக் கண்ணளவில் வரைந்து வருவாராயின் அதுவே நல்ல பயிற்சியாகும்.

முதலில் கழிவு மரத்துண்டொன்றில் இரண்டு நூல் அகலமுள்ள ஒற்றைக் குமுதத்தை இழைத்துப் பழகுக. அது நேராகவும் தெளிவாகவும் வரும்போது பட்டிகையும் கண்டமும் சேர்ந்த வரிக்குச் செல்லலாம். அதன்பின் உள்ளூரில் அடி உளுத்து நிற்கும் நிலை ஒன்றைத் தேர்ந்து, வீட்டாரின் இசைவு பெற்றுச் செப்பனிட்டுக் காட்டுக. ஒட்டுப் போட்ட இடம் எதுவென்று அயலார் தேடிப் பார்க்கும்படி அவ்வேலை அமையுமானால், அடுத்த வீட்டாரும் தச்சரைத் தாமே தேடி வருவர்.